புது டயர் போட்ட வண்டி ஏன் அலைகிறது?

புதுச் செருப்பு சில நாள் காலைக் கடிக்கும் என்பது நாம் எல்லோரும் அறிந்ததே. புது டயரும் அப்படித்தானா? திண்டுக்கல் வட்டாரத்தில் லாரியோ சரக்கு வேனோ ஓட்டுகிறவர்களைக் கேட்டால், “ஆமாம், கொஞ்ச நாள் அலையும்” என்பார்கள்.

சித்தையன்கோட்டையில் தேங்காய் ஏற்றிக்கொண்டு புறப்படும் வண்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதல் நாள்தான் அதற்குப் புது டயர் மாட்டியிருக்கிறார்கள். செம்பட்டி வரையில் ஒரு குறையும் தெரியவில்லை. திண்டுக்கல் சாலையில் ஏறி வேகம் அறுபதைத் தாண்டியதும் நிலைமை மாறுகிறது. வண்டியின் பின்பாகம் மிதப்பதுபோல் தோன்றுகிறது. ஸ்டியரிங்கைச் சற்றே அசைத்தால் வண்டி வேண்டியதைவிட அதிகமாகத் திரும்புகிறது. எதிரே ஒரு பேருந்து விரைந்து கடந்தால் அந்தக் காற்றுக்கே வண்டி அசைந்து கொடுக்கிறது. நேற்றுவரை தேய்ந்த டயரில் ஒழுங்காக ஓடிய வண்டி, இவ்வளவு பணம் செலவழித்த பின் இப்படி ஆவானேன்?

இதற்கு இரண்டு பதில்கள் வழக்கத்தில் உள்ளன. ஒன்று, “டயர் சரியில்லை.” மற்றொன்று, “ஓட்ட ஓட்டச் சரியாகிவிடும்.” இரண்டுமே சில வேளைகளில் உண்மை. ஆனால் இரண்டுமே பொருந்தாத வேளைகளும் உண்டு. அப்போது ‘சரியாகிவிடும்’ என்று காத்திருப்பது ஓட்டுநரின் உயிருக்கும் எதிரே வருபவரின் உயிருக்கும் கேடாக முடியலாம். எந்த வேளை எது என்று பிரித்தறிய, டயர் எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு சாணுக்கும் குறைவான பிடிப்பு

காற்றடைத்த சக்கரத்துக்கு முதலில் காப்புரிமை பெற்றவர் ஸ்காட்லாந்துக்காரரான ராபர்ட் வில்லியம் தாம்சன். ஆண்டு 1845. அப்போது அதை யாரும் பெரிதாகக் கருதவில்லை. 1888-ல் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்டு டன்லப், தம் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காக அதை மீண்டும் கண்டுபிடித்தார். அதன்பின் அது உலகெங்கும் பரவியது.

ஒரு லாரி டயர் 2,500 கிலோகிராம் சுமையைத் தாங்குவதாகக் கொள்வோம். உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோகிராம்; பஞ்சர் கடைக் கணக்கில் ஏறத்தாழ 100 பவுண்டு. சுமையை அழுத்தத்தால் வகுத்தால், டயர் தரையைத் தொடும் பரப்பு சுமார் 357 சதுர சென்டிமீட்டர் என்று கிடைக்கும். பக்கத்துக்கு 19 சென்டிமீட்டர் உள்ள ஒரு சதுரம்; ஒரு சாணுக்கும் குறைவு. ஆறு டயர்களிலும் இத்தகைய ஆறு சதுரங்களே 15 டன் வண்டியைச் சாலையோடு பிணைக்கின்றன. திருப்புவது, நிறுத்துவது, பக்கக் காற்றை எதிர்த்து நிற்பது எல்லாம் அவற்றின் வேலைதான். டயரை மாற்றினால் இந்தப் பிணைப்பையே மாற்றிவிடுகிறோம்.

சக்கரம் பார்க்கும் திசையும் போகும் திசையும்

உருளும் சக்கரம் தான் பார்க்கும் திசையிலேயே போகும் என்றுதான் நாம் நினைக்கிறோம். மாட்டுவண்டியின் மரச் சக்கரத்துக்கு இது பெரும்பாலும் பொருந்தும். ரப்பர் டயருக்குப் பொருந்தாது.

வாய்க்கால் கரையின் சரிவில் குறுக்காக நடந்து செல்பவரை எண்ணிப் பாருங்கள். அவர் நேரே பார்த்துத்தான் அடி வைக்கிறார். ஆனால் ஒவ்வோர் அடியும் சரிவின் கீழ்ப்பக்கமாகச் சிறிது விலகி விழுகிறது. கால் சறுக்கவே இல்லை. ஆயினும் அவர் போய்ச் சேரும் இடம், பார்த்த இடத்திலிருந்து விலகியிருக்கும். டயரும் இவ்வாறே நடக்கிறது. பக்கவாட்டில் ஒரு விசை தாக்கும்போது, தரையைப் பற்றியுள்ள ரப்பர் பக்கவாட்டில் வளைகிறது. உருள உருள, வளைந்த இடத்துக்குப் பக்கத்திலேயே அடுத்த ரப்பர் வந்து பதிகிறது. எனவே சக்கரம் பார்க்கும் திசைக்கும் உண்மையில் போகும் திசைக்கும் இடையே ஒரு சிறு கோணம் உண்டாகிறது. இதை நழுவல் கோணம் எனலாம். பிரெஞ்சுப் பொறியாளர் ஜார்ஜ் புருலியே, ஸ்டியரிங் ஆட்டத்தைப் பற்றி 1925-ல் எழுதியபோது இக்கருத்தை எடுத்துரைத்தார். வண்டி ஓட்டத்தின் இயற்பியல் முழுவதும் இன்று இதன் மேல்தான் நிற்கிறது.

நழுவல் கோணம் ஒரு குறையன்று. அது இல்லாவிட்டால் டயரால் பக்கவிசையே தர இயலாது. லாரி டயர் ஒன்று, ஒரு பாகை நழுவலுக்குத் தன் சுமையில் பத்தில் ஒரு பங்கு அளவில் பக்கவிசை தரும் என்று கொள்ளலாம். மணிக்கு 72 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில், 250 மீட்டர் ஆரமுள்ள வளைவில் வண்டி திரும்புகிறது என்போம். மையநோக்கு முடுக்கம் 20 × 20 ÷ 250 = 1.6 மீட்டர், புவியீர்ப்பு முடுக்கத்தில் சுமார் 0.16 பங்கு. ஆகவே டயர்கள் ஏறத்தாழ 1.6 பாகை நழுவியே அந்த வளைவைக் கடக்கின்றன. ஓட்டுநருக்கு இந்தக் கோணம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அவர் கைக்கு அது நன்றாகத் தெரியும். பழைய டயரில் எவ்வளவு திருப்பினால் எவ்வளவு வளையும் என்பது அவர் மணிக்கட்டில் பதிந்திருக்கிறது. புது டயர் அந்தக் கணக்கை மாற்றிவிடுகிறது.

உயரமான ரப்பர் கட்டைகள்

பென்சில் எழுத்தை அழிக்கும் ரப்பர் ஒன்றை மேசைமேல் நெட்டுக்குத்தாக நிறுத்தி, உச்சியைப் பக்கவாட்டில் தள்ளுங்கள், எளிதில் வளையும். அதையே படுக்க வைத்துத் தள்ளுங்கள், விறைப்பாக இருக்கும். புது லாரி டயரின் மேற்பரப்பில் உள்ள ரப்பர் கட்டைகள் 15 மில்லிமீட்டருக்கும் மேற்பட்ட உயரம் உடையனவாக இருப்பதுண்டு. தேய்ந்த டயரில் அவை இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும். ஒரு கட்டையின் உயரம் கூடக் கூட, ஒரே விசைக்கு அது அதிகமாகச் சாய்கிறது. ஆகவே வறண்ட சாலையில், புது டயர் அதே வகைத் தேய்ந்த டயரைவிடச் சற்று நெகிழ்வானது. ஸ்டியரிங்கைத் திருப்பியதும் வண்டி உடனே திரும்பாமல், ஒரு கணம் யோசித்துத் திரும்புவதுபோல் இருப்பதற்கு இதுவே காரணம்.

இத்துடன் மற்றொன்றும் சேர்ந்துகொள்கிறது. டயரை அச்சிலிருந்து எளிதில் எடுப்பதற்காகப் பூசப்படும் வழவழப்புப் பொருள் சிறிது அதன் மேல் ஒட்டியிருக்கலாம். முதல் சில நூறு கிலோமீட்டரில் இது போய்விடும். கட்டைகளின் கூர் விளிம்புகளும் மழுங்கிப் படியும். “ஓட்ட ஓட்டச் சரியாகும்” என்ற சொல்லில் உள்ள உண்மை இவ்வளவுதான். அதுவரை மிதமான வேகத்தில் ஓட்டுவது நல்லது.

இதைப் படித்துவிட்டுத் தேய்ந்த டயரே மேல் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். மழைச் சாலையில் டயருக்கும் தரைக்கும் இடையே உள்ள நீரை வெளியேற்றுபவை கட்டைகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களே. பள்ளம் இல்லாத டயர் நீரின் மேல் ஏறி மிதக்கும். அப்போது ஸ்டியரிங்கும் பிரேக்கும் பயன்படா. நம் நாட்டு மோட்டார் வாகன விதிகள் கார், லாரி போன்றவற்றின் டயர்களுக்குக் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் பள்ளம் வேண்டும் என்று வரையறுத்திருப்பதன் பொருள் இதுதான்.

முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள உடன்பாடு

இனி நம் கேள்வியின் மையத்துக்கு வருவோம். வண்டியின் நிலைத்தன்மையை முடிவு செய்வது தனி ஒரு டயரன்று. முன் டயர்களும் பின் டயர்களும் ஒன்றோடொன்று எவ்வாறு பொருந்துகின்றன என்பதே.

அம்பின் வாலில் இறகு கட்டுவது ஏன்? அம்பு சற்றே விலகினால், வாலில் உள்ள இறகின் மேல் காற்று தாக்கி அதை மீண்டும் நேராக்குகிறது. இறகை முனையில் கட்டினால் அம்பு சுழன்று விழும். வண்டிக்கும் இதே நியதிதான். பின் டயர்கள் விறைப்பாக நின்று, முன் டயர்கள் சற்று அதிகமாக நழுவினால், வண்டி தானே நேராகும் இயல்புடையது. பின் டயர்கள் அதிகமாக நழுவினால், ஒரு சிறு அசைவும் பெருகிக்கொண்டே போகும். 1930-களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் பணிபுரிந்த மாரிஸ் ஆலி என்ற பொறியாளர் இந்த வேறுபாட்டைச் சோதனைகளால் விளக்கினார்.

பின்பக்கம் அதிகமாக நழுவும் வண்டி மெதுவாகப் போகும்போது நல்ல பிள்ளையாகவே இருக்கும். வேகம் கூடினால்தான் அதன் குணம் வெளிப்படும். இதை ஒரு கணக்கால் பார்ப்போம். முன் டயர்கள் ஒரு பாகை நழுவலுக்குச் சுமையில் 13 விழுக்காடும், பின் டயர்கள் 9 விழுக்காடும் பக்கவிசை தருகின்றன என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். பக்கவிசை எடைக்குச் சமமாக இருக்குமானால், முன்புறம் 100 ÷ 13 = 7.7 பாகையும், பின்புறம் 100 ÷ 9 = 11.1 பாகையும் நழுவ வேண்டும். வேறுபாடு 3.4 பாகை, அதாவது 0.06 ரேடியன். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே உள்ள தூரம் 4.2 மீட்டர் என்க. இதைப் புவியீர்ப்பு முடுக்கமான 9.8-ஆல் பெருக்கி 0.06-ஆல் வகுத்தால் 686. அதன் வர்க்கமூலம் 26.2. நொடிக்கு 26.2 மீட்டர் என்பது மணிக்கு ஏறத்தாழ 94 கிலோமீட்டர். இதுவே இந்த வண்டியின் மாறுநிலை வேகம். இதற்கு மேல் போனால், ஓட்டுநர் ஸ்டியரிங்கை அசைக்காமலே பிடித்திருந்தாலும் வண்டி தானாகச் சுழல முற்படும்.

மாறுநிலை வேகத்தை எட்டாவிட்டாலும் தொல்லை உண்டு. வண்டியின் வேகத்தை மாறுநிலை வேகத்தால் வகுத்து, ஈவை இருமடியாக்கி, ஒன்றிலிருந்து கழித்து, வரும் எண்ணால் ஒன்றை வகுத்தால், ஸ்டியரிங்கின் விளைவு எத்தனை மடங்கு பெருகியுள்ளது என்பது கிடைக்கும். நம் வண்டிக்கு,

மணிக்கு 30 கிலோமீட்டரில் 1.1 மடங்கு;
60 கிலோமீட்டரில் 1.7 மடங்கு;
80 கிலோமீட்டரில் 3.6 மடங்கு.

செம்பட்டி வரையில் ஒழுங்காக வந்த வண்டி, நெடுஞ்சாலையில் ஏறியதும் ஏன் குணம் மாறுகிறது என்பதற்கு இந்த மூன்று எண்களே விடை. நம் நாட்டில் பெரும்பாலான சரக்கு வண்டிகளில் வேகத்தை மணிக்கு 80 கிலோமீட்டரில் நிறுத்தும் கருவி பொருத்தப்படுகிறது. ஆனால் முன் பின் டயர்கள் பொருந்தாத வண்டிக்கு அந்த வேகமே மிகையாகிவிடலாம். குண்டும் குழியுமான சாலையில் நாற்பதில் ஓடிய காலத்தில் மறைந்துகிடந்த இக்குறை, திண்டுக்கல் வழியே செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை நான்கு வழிச் சாலையான பின் வெளியே தெரிகிறது.

நைலானும் ரேடியலும்

இத்தகைய பொருத்தக்கேடு நம் லாரிகளில் எப்படி வருகிறது? பெரும்பாலும் டயர் வகைகளைக் கலப்பதால் வருகிறது.

பழைய வகை டயரில் நூலிழைப் படலங்கள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கும் மறுக்குமாகச் சாய்ந்து கிடக்கும். இதை நம் ஓட்டுநர்கள் நைலான் டயர் என்பார்கள். ரேடியல் டயரில் இழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேர் குறுக்காகச் செல்லும். அவற்றின் மேல், தரையைத் தொடும் பகுதியைச் சுற்றி எஃகுக் கம்பிப் பட்டைகள் இருக்கும். பிரான்சின் மிஷெலின் நிறுவனம் இதற்கு 1946-ல் காப்புரிமை பெற்றது. ரேடியலின் பக்கச்சுவர் மெல்லியது, தொட்டால் நெகிழும். ஆனால் தரையைப் பற்றும் பகுதியை எஃகுப் பட்டை இறுக்கிப் பிடித்திருப்பதால், சிறு நழுவலுக்கே அது அதிகப் பக்கவிசை தரும்.

சிக்கனம் கருதும் உரிமையாளர் என்ன செய்கிறார்? ஆறு டயரையும் ஒரே நேரத்தில் மாற்றப் பணம் போதாது. “முன் சக்கரம்தான் முக்கியம்” என்று இரண்டு புது ரேடியல்களை முன்னால் மாட்டிவிட்டு, பின்னால் பழைய நைலானையோ ரீட்ரேடு செய்த நைலானையோ வைத்துக்கொள்கிறார். முன்புறம் விறைப்பு, பின்புறம் நெகிழ்வு. இறகை அம்பின் முனையில் கட்டிய கதைதான். நாம் மேலே போட்ட கணக்கு இந்த வண்டிக்கே பொருந்தும். முன்னால் ரேடியலும் பின்னால் குறுக்கிழை டயரும் மாட்டுவதைப் பிரிட்டன் நாட்டு விதிகள் தடை செய்திருப்பதற்கு இதுவே காரணம்.

டயர் அமைப்பால் வண்டியின் குணம் எவ்வளவு மாறும் என்பதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு, 1960-ஆம் ஆண்டு மாடலாக அமெரிக்காவில் வெளிவந்த ஷெவர்லே கார்வேர் என்ற கார். அதன் எஞ்சின் பின்னால் இருந்தது. எனவே பின்புறம் நழுவும் இயல்பு மிகுதி. முன் டயரில் 15 பவுண்டு, பின் டயரில் 26 பவுண்டு காற்று வைக்குமாறு தயாரிப்பாளர்கள் கூறினார்கள். முன் டயரை வேண்டுமென்றே தளர்த்தி, முன்புறத்தை அதிகமாக நழுவவிட்டுச் சமன் செய்யும் உபாயம் அது. ஆனால் பழக்கதோஷத்தால் நான்கிலும் ஒரே அளவு காற்றைப் பிடித்தவர்கள், தம்மை அறியாமலே அந்தச் சமனைக் குலைத்தார்கள். ரால்ஃப் நேடர் 1965-ல் எழுதிய புகழ்பெற்ற நூலின் முதல் அத்தியாயமே இந்தக் காரைப் பற்றியது. அதே காலத்துப் பிற கார்களைவிட இது மோசமன்று என்று 1972-ல் அமெரிக்க அரசின் ஆய்வறிக்கை கூறிற்று. எப்படியாயினும், காற்று பிடிப்பது போன்ற எளிய வேலையில்கூட வண்டியின் நிலைத்தன்மை அடங்கியிருக்கிறது என்பதை உலகம் அப்போது கவனித்தது.

சூடான டயரில் காற்றை இறக்கலாமா?

புது டயர் மாட்டும்போது கடையில் ஏதோ ஓர் அளவுக்குக் காற்று நிரப்பி அனுப்புவார்கள். அது நம் வண்டிக்கும் நம் சுமைக்கும் உரிய அளவுதானா என்று பார்க்க வேண்டும். குறைவாக இருந்தால் பக்கச்சுவர் நெளிந்து வண்டி அலையும். டயர் சூடேறி வெடிக்கவும் கூடும். மிகையாக இருந்தால் தரையைத் தொடும் பரப்பு குறுகும்; வெறும் வண்டி துள்ளும்.

அளவு பார்க்க உரிய நேரம், வண்டி சில மணி நேரம் நின்று டயர் குளிர்ந்திருக்கும் நேரம். 27 பாகை செல்சியசில் 100 பவுண்டு காட்டும் டயர், ஓடி 67 பாகைக்குச் சூடேறினால் என்ன காட்டும்? வளிமண்டல அழுத்தம் 15 பவுண்டைச் சேர்த்து 115 என்று கொள்ள வேண்டும். வெப்பநிலை 300 கெல்வினிலிருந்து 340 ஆகிறது. 115 × 340 ÷ 300 = 130. அதிலிருந்து 15-ஐக் கழித்தால் 115 பவுண்டு. காற்று கூடிவிட்டதே என்று வழியில் 15 பவுண்டை இறக்கிவிட்டால், மறுநாள் காலை டயர் குளிர்ந்ததும் சுமார் 86 பவுண்டுதான் இருக்கும். சூடான டயரில் காற்றை இறக்கக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அலைச்சலா, ஆட்டமா, இழுப்பா?

மருத்துவர் முதலில் நோயின் குறியைக் கேட்கிறார் அல்லவா? வண்டிக்கும் அப்படியே. ‘வண்டி சரியில்லை’ என்ற ஒரே சொல்லில் மூன்று வேறு நோய்கள் ஒளிந்திருக்கின்றன.

வண்டி நேராகச் செல்லாமல் இங்குமங்கும் திரிவது அலைச்சல். இதற்கு இதுவரை சொன்ன காரணங்களோடு, முன் சக்கரங்களின் கோணம் தவறியிருத்தல், கிங்பின், டை ராடு முனைகளில் தேய்மானம் ஆகியனவும் காரணமாகலாம். பழைய டயர் அந்தத் தவறான கோணத்துக்கு ஏற்பவே தேய்ந்து, குறையை மறைத்துக்கொண்டிருந்திருக்கும். முழு அகலத்துடன் தரையைத் தொடும் புது டயர் அதைக் காட்டிக்கொடுக்கிறது. இங்கே குற்றவாளி டயரன்று, அது சாட்சி.

ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டியரிங் நடுங்குவது ஆட்டம். இது பெரும்பாலும் சக்கரத்தின் எடை ஒரு பக்கம் மிகுந்திருப்பதால் வருவது. அரை மீட்டர் ஆரமுள்ள சக்கரம் மணிக்கு 72 கிலோமீட்டரில் நொடிக்கு 40 ரேடியன் சுழல்கிறது. மையத்திலிருந்து கால் மீட்டர் தள்ளி 200 கிராம் எடை மிகையாக இருந்தால், மைய விலக்கு விசை 0.2 × 0.25 × 40 × 40 = 80 நியூட்டன். எட்டுக் கிலோகிராம் எடைக்கு ஒப்பான இந்த விசை, ஒரு நொடிக்கு ஆறு முறைக்கு மேல் சக்கரத்தை உலுக்குகிறது. 36 கிலோமீட்டரில் இது நான்கில் ஒரு பங்கே. முன் அச்சின் இயல்பான அதிர்வெண்ணோடு இது ஒத்துவரும் வேகத்தில் ஆட்டம் உச்சமாகும். டயர் ரிம்மில் ஒழுங்காக அமராமல் இருந்தாலும் இதே ஆட்டம் வரும்.

ஸ்டியரிங்கைத் தளர்த்தினால் வண்டி ஒரே பக்கமாகப் போவது இழுப்பு. இதற்கு அருமையான ஒரு சோதனை உண்டு. முன் டயர்கள் இரண்டையும் இடம் வலமாக மாற்றிப் பாருங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் குறை டயரில். மாறாமல் அதே பக்கம் இழுத்தால் குறை வண்டியில். கோணத்தையோ ஒரு பக்கம் பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக்கையோ பார்க்க வேண்டும். சுழல் திசை குறித்த டயர்களை மட்டும் இப்படி மாற்றலாகாது.

இரட்டைச் சக்கரமும் நண்டு நடையும்

லாரியின் பின்புறத்தில் பக்கத்துக்கு இரண்டு டயர்கள் ஒரே ஹப்பில் சேர்ந்து சுழல்கின்றன. ஒன்று புதியது, மற்றது தேய்ந்தது. விட்ட வேறுபாடு 10 மில்லிமீட்டர் என்போம். ஒரு சுற்றுக்கு இரண்டும் கடக்க விரும்பும் தூரம் 31 மில்லிமீட்டர் வேறுபடும். ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 310 சுற்றுகள். ஆக, ஒவ்வொரு கிலோமீட்டரிலும் ஏறத்தாழ 10 மீட்டர் அளவுக்கு ஒன்று மற்றதை இழுத்துத் தேய்க்கிறது. பெரிய டயர் சுமையில் பெரும்பங்கைத் தாங்கிச் சூடேறுகிறது. சின்னது பெயருக்குத் தொட்டுக்கொண்டு வருகிறது. இரட்டைக்குரிய பிடிப்பு வண்டிக்குக் கிடைப்பதில்லை.

பின் அச்சையும் மறக்கக் கூடாது. ஸ்பிரிங் பட்டையைப் பிடிக்கும் யு போல்ட் தளர்ந்தால் அச்சு சற்றே கோணலாகும். அப்போது வண்டி நேர்ச்சாலையிலும் உடம்பைச் சாய்த்துக்கொண்டு நண்டு நடை நடக்கும். பின்னால் வருபவர் கண்ணுக்கு இது எளிதில் தெரியும்.

எந்த வரிசையில் தேடுவது?

ஆய்வுக்கூடத்தில் மாணவர்களுக்கு நாம் கற்பிக்கும் முதல் விதி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்பது. பட்டறையிலும் அதுவே விதி. காற்றை மாற்றி, டயரை இடம் மாற்றி, கோணத்தையும் திருத்திவிட்டு ஓட்டிப் பார்த்தால், எது குணமாக்கியது என்று யாராலும் சொல்ல இயலாது. செலவில்லாததும் ஆபத்து மிகுந்ததும் முதலில் வரவேண்டும்.

1. சக்கர நட்டுகள். புதிதாக மாட்டிய சக்கரத்தின் நட்டுகள் முதல் 50, 100 கிலோமீட்டரில் தளரக்கூடும். வண்டியை நிறுத்தி மீண்டும் இறுக்க வேண்டும். நடுங்கும் சக்கரம் கழன்றோடும் சக்கரமாக மாற நேரமாகாது.

2. குளிர்ந்த டயரில் காற்றழுத்தம். வண்டியில் ஒட்டியுள்ள அட்டவணைப்படி, ஏற்றும் சுமைக்கு ஏற்ப.

3. டயரின் பக்கச்சுவர் எழுத்துகள். அளவு, ரேடியலா நைலானா, தாங்கும் சுமை ஆகியன ஒரே அச்சில் ஒன்றுபோல் உள்ளனவா? தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் காட்டும் நான்கு இலக்க எண்ணையும் பாருங்கள். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம்.

4. சுமை. வெறும் வண்டியில் அலையாமல் பாரத்தோடு மட்டும் அலைந்தால், பாரம் பின் அச்சுக்கும் பின்னால் தள்ளி ஏற்றப்பட்டிருக்கலாம். அது முன் சக்கரங்களை நெம்பித் தூக்கும்.

5. டயர் அமர்ந்துள்ள விதம். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, அருகே ஒரு சுண்ணாம்புக் கட்டியை அசையாமல் பிடித்துச் சுழற்றுங்கள். ஓரிடத்தில் மட்டும் கோடு விழுந்தால் சக்கரம் வட்டமாக ஓடவில்லை.

6. இடம் வலம் மாற்றும் சோதனை, பிறகு பேலன்சிங்.

7. கடைசியாக, வீல் அலைன்மென்ட். கிங்பினிலும் டை ராடிலும் ஆட்டம் இருக்கும்போது அலைன்மென்ட் செய்வது வீண். முதலில் அவற்றை மாற்ற வேண்டும்.

இரண்டு டயர்தான் வாங்க முடியும் என்றால் எங்கே மாட்டுவது? நான்கு சக்கரச் சிறு வண்டியில், வகை ஒன்றாக இருக்கும்வரை, புதியவற்றைப் பின்னால் மாட்டுவதே நல்லது. வறண்ட சாலையில் முதல் சில நாள் பின்புறம் சற்று நெகிழ்ந்தாலும், மழையில் பின்புறம் வழுக்கி வண்டி சுழலாமல் அது காக்கும். கனரக லாரியில் முன் டயர் வெடித்தால் வண்டியைப் பிடிப்பது அரிது. ஆகவே உடல் நலமுள்ள, ரீட்ரேடு செய்யாத டயர்களை முன்னால் வைத்து, பின்னால் இருப்பவையும் அதே வகையாக இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

ரப்பர் கட்டைகளின் நெகிழ்வும் மேற்பூச்சின் வழவழப்பும் மட்டுமே ஓட ஓடத் தீரும். தளர்ந்த நட்டு, குறைந்த காற்று, கலந்த வகை, தவறிய கோணம் ஆகியவை ஓட ஓட வளரும். சில நூறு கிலோமீட்டருக்குப் பின்னும் அலைச்சல் குறையாவிட்டால், அல்லது முதல் நாளே அறுபதைத் தாண்டியதும் வால் ஆடினால், அதைப் புதுச் செருப்பின் கடி என்று பொறுத்துக்கொள்ள வேண்டாம். வேகத்தைக் குறைத்து, ஓரமாக நிறுத்தி, முதலில் சக்கர நட்டுகளைத் தொட்டுப் பாருங்கள்.